படைப்புழு விழுந்த மக்காச்சோளம்: மருந்தடிக்கவா, மாட்டுக்கு அறுத்துப் போடவா?

கரிசல்கறவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை பக்கம். 2.5 ஏக்கரில் மானாவாரி மக்காச்சோளம், புரட்டாசி மழைக்கு விதைத்தது. மூன்று வாரம் தாண்டிவிட்டது. கடையில் வாங்கிய கலப்பின விதை, ரோஸ் நிறத்தில் மருந்து பூசி வந்தது. நேற்று களை பார்க்கப் போனபோது பல செடிகளில் குருத்து கிழிந்து, உள்ளே மரத்தூள் போல எச்சம் கிடந்தது. படைப்புழுதான், தலையில் தலைகீழ் ஒய் குறி தெரிகிறது.

மருந்துக்கடையில் சொன்னவுடன் மூன்று பாட்டில் எடுத்து வைத்துவிட்டார்கள். ஒன்று எமாமெக்டின், ஒன்று புரோபனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்தது, மூன்றாவது ஏதோ டானிக். மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னார்கள். கணக்கில் எழுதி வாங்கி வந்துவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை.

அப்பா வேண்டாம் என்கிறார். "செலவு பண்ணி அடிச்சு என்ன கண்டோம், அறுத்து மாட்டுக்குப் போடு" என்கிறார். வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்புக் கறவை, ஒரு கிடேரி, ஒரு கன்று. பசுந்தீவனம் இப்போது சுத்தமாக இல்லை, சொசைட்டிக்கு ஊற்றும் பாலும் குறைந்துவிட்டது. அதனால் அவர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது.

இன்னொன்று. மாடுகளுக்கு உண்ணி தாங்க முடியவில்லை. காது மடல், மடிச்சந்து, வாலடி எல்லாம் கொத்துக் கொத்தாக இருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர், "மக்காச்சோளத்துக்கு அடிக்கிற மருந்திலயே கொஞ்சம் தண்ணியில கலந்து துணியில நனைச்சுத் தேய்ச்சு விடு, ஒரே செலவு" என்கிறார். செய்யலாமா?

அடிக்கவா, அறுக்கவா, உண்ணிக்கு என்ன வழி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தலைவாசல் தம்பி எழுதியது:

அண்ணா, ரொம்ப யோசிக்காதீங்க. கடைக்காரர் கொடுத்தது நல்ல காம்பினேஷன்தான். நான் போன தடவை அதுதான் அடித்தேன், மறுநாளே புழு செத்துக் கிடந்தது. பத்து நாள் கழித்து இன்னொரு அடி. பெரிய புழுவாக இருந்தால் தவிட்டில் வெல்லம் கலந்து தயோடிகார்ப் பூச்சிமருந்தைப் போட்டு உருட்டிக் குருத்தில் வையுங்கள், பக்காவாகக் கேட்கும்.

மேட்டுக்காட்டு அக்கா எழுதியது:

தம்பி, பாட்டிலைப் பிரிக்காமல் இங்கே வந்து கேட்டீர்களே, அதுவே பாதி லாபம். நான் குன்னம் பக்கம். 2018-ல் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் இந்தப் புழுவைக் கண்டார்கள் என்று பேப்பரில் படித்தோம். அந்த வருஷ மழைக்காலமே நம் காட்டில் நின்றது. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் இதனோடுதான் குடித்தனம்.

முதலில் எண்ணுங்கள். "பல செடி" என்பது கணக்கில்லை. வரப்போரம் நாலு வரிசை விட்டுவிட்டு உள்ளே இறங்கி, வளைந்து வளைந்து நடந்து ஐந்து இடத்தில் நில்லுங்கள். இடத்துக்கு 20 செடி, மொத்தம் 100. இலையில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். குருத்துக்குள் இருந்தபோது கடித்த ஓட்டை, இலை விரிந்து வளர்ந்த பிறகும் அப்படியே நிற்கும். புழு செத்தே போயிருக்கும், ஓட்டை மட்டும் காட்டில் இருக்கும். அதனால் குருத்தை இரண்டு விரலால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். எச்சம் ஈரமாக, மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. காய்ந்து கறுத்து உதிர்ந்தால் பழசு. ஈர எச்சமோ உயிருள்ள புழுவோ உள்ள செடியை மட்டும் கணக்கில் சேருங்கள். புழுவின் வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குருத்து இலையில் ஊசியால் குத்தினதுபோல ஒரே கோட்டில் வரிசையாக ஓட்டை இருந்து நடுக்குருத்து காய்ந்திருந்தால் அது தண்டுத்துளைப்பான், வேறு கதை.

கணக்கு என்னவென்றால், இளம்பயிரில் 100-க்கு 5, குருத்துப் பருவத்தின் நடுவில் 10, கடைசியில் 20 வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால்தான் மருந்துச் செலவு திரும்பி வரும். ஆண் பூ வெளியே தலை நீட்டியபிறகு மருந்தடிப்பது காசைக் கரைப்பதுதான், கையால் பொறுக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மக்காச்சோளம் இந்த வயதில் இலை போனதை ஈடுகட்டி எழுந்துவிடும் பயிர். பார்க்கக் கோரமாக இருக்கிறதே என்று பதறி அடிப்பவர்கள்தான் கடைக்காரருக்கு வாடிக்கை.

எண்ணும்போதே புழுவின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இலையைச் சுரண்டி வெள்ளைச் சவ்வு மட்டும் விட்டிருந்தால் சின்னப் புழு. அதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் போதும். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி 200 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், காதி சோப்போ ஒட்டும் திரவமோ கொஞ்சம் சேர்த்து. நேரமில்லை என்றால் கடையில் அசாடிராக்டின் 1500 பிபிஎம் லிட்டருக்கு 5 மில்லி. அரை அங்குலம் தாண்டிய புழு என்றால் வேம்புக்கு அடங்காது. குருத்துக்குள்ளேயே எச்சத்தால் கதவு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு நல்லது, பெரிய புழு ஒன்றையொன்று தின்னும். அதனால் கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். ஆள் இருந்தால் நசுக்கிவிடலாம். எங்கள் வீட்டில் மணல் 9 பங்கு, சுண்ணாம்புத்தூள் ஒரு பங்கு கலந்து ஒரு சிட்டிகை குருத்தில் தூவுவோம். வேலை மெனக்கெட்டதுதான், ஆனால் முதல் மாதத்தில் நன்றாகக் கேட்கிறது.

மருந்துதான் என்று முடிவானால் ஒன்றை மட்டும் அடியுங்கள். எமாமெக்டின் 5 எஸ்ஜி லிட்டருக்கு 0.4 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம். அல்லது ஸ்பைனிடோரம் 11.7 எஸ்சி லிட்டருக்கு 0.5 மில்லி. குளோரான்ட்ரானிலிப்ரோல் நல்ல மருந்துதான், ஆனால் உங்கள் விதைப்பையை எடுத்துப் படியுங்கள். அதில் சயான்ட்ரானிலிப்ரோல் என்று போட்டிருந்தால் இரண்டும் ஒரே குடும்பம். விதையில் அதைக் கொடுத்து, முதல் அடியிலும் அதையே கொடுத்தால் அதற்குப் பழகின புழுவைத்தான் வளர்ப்போம். அடிப்பது சாயங்காலம் வெயில் தாழ்ந்து. முனையைக் குருத்துக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்து உள்ளே இறங்கும்படி அடிக்க வேண்டும். இலைமேல் பனி மாதிரி தூவிவிட்டு வந்தால் புழுவுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இப்போது அந்தக் கலவை. புரோபனோபாஸ் சைபர்மெத்ரின் பருத்திக்கு என்று வந்த மருந்து. குருத்துக்குள் இருக்கும் புழுவைவிட, வெளியே நடமாடும் பூச்சிகளைத்தான் முதலில் கொல்லும். குருத்தைப் பிரிக்கும்போது வாலில் இடுக்கி வைத்த பழுப்புப் பூச்சி ஓடும், பார்த்திருப்பீர்கள். அது புழுவின் முட்டையையும் குஞ்சையும் தின்கிற ஆள். ஈரக் காலத்தில் சில புழு விறைத்து, மேலே வெள்ளையோ வெளிர்பச்சையோ பூசினதுபோல இலையில் ஒட்டிச் செத்திருக்கும். அது பூஞ்சாணம் பிடித்தது, நாம் காசு கொடுக்காமல் வந்த மருந்து. அப்படிச் செத்த புழு காட்டில் நிறையத் தெரிந்தால் டேங்கைத் தூக்காதீர்கள், நாலு நாள் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். தம்பி தலைவாசல், மறுநாள் புழு செத்தது என்றீர்கள். பத்தாம் நாள் ஏன் திரும்ப அடிக்க வேண்டி வந்தது என்று யோசித்தீர்களா? இந்தப் புழுவின் தாய்ப்பூச்சியான அந்து இரவோடு இரவாக எங்கிருந்தோ பறந்து வந்து திரும்ப முட்டை வைக்கிறது, அதைத் தின்ன காட்டில் யாரும் இல்லை.

மூன்று மருந்தை ஒரு டேங்கில் கலந்து முகத்தில் துணிகூடக் கட்டாமல் அடிப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 2017-ல் பருத்திக்கு அடித்து நம் மாவட்டத்தில் உயிர் போனது ஊருக்கே தெரியும்.

அடுத்து உங்கள் அப்பா சொன்னது. பெரியவருக்கு என் வணக்கம், ஆனால் இப்போது அறுக்க வேண்டாம். புழு கடித்த இலையால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, பிரச்சினை புழுவில் இல்லை. ரோஸ் நிற விதை என்றீர்களே, அந்த மருந்து வேர் வழியாக ஏறி இளம்பயிருக்குள் நிற்கும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று வாரம் புழு அவ்வளவாக அண்டாது. அந்தப் பயிரையே பறித்துக் கறவைக்குப் போட எனக்கு மனசு வராது. அதோடு மூன்று வாரப் பயிரில் எவ்வளவு தீவனம் வந்துவிடும்? இரண்டு நாளைக்குக் காணாது. விதைக்காசும் உழவுக்காசும் போச்சு. கருது ஒடித்தபிறகு தட்டை கிடைக்கும், அதுதான் மாட்டின் பங்கு. விதை மீந்திருந்தால் கழுவிக்கூடக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள்.

உண்ணிக்கு நான் வாய் திறக்க மாட்டேன். இங்கே ஆய்வாளர் ஐயா இருக்கிறார், அவர் வரட்டும். ஒன்றே ஒன்று, பயிர் மருந்தை மாட்டின்மேல் தேய்க்காதீர்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் எழுதியது:

அழைத்த அம்மாவுக்கு நன்றி. அவர் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. தீவனத்தைப் பற்றி ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன். மழை ஏமாற்றி வாடி நின்ற மக்காச்சோளத்தில் அடித்தண்டில் நைட்ரேட் சேரும். பிற்பாடு எப்போதாவது பச்சையாக அறுக்க நேர்ந்தால் அடித்தண்டை ஒரு அடி விட்டு அறுங்கள், வெறும் வயிற்று மாட்டுக்கு அதை மட்டும் போடாதீர்கள்.

தயோடிகார்ப் தவிட்டு உருண்டையைப் பற்றி எழுதியிருந்த தம்பிக்கு: பெரிய புழுவுக்கு அந்த முறை உண்டு, துறையே சொல்வதுதான். ஆனால் தவிடும் வெல்லமும் புளித்த வாசனை மாட்டை இழுத்துவிடும். மீதி உருண்டையை அண்டாவோடு கொட்டகையில் வைத்துவிட்டுப் போய், அவிழ்த்துக்கொண்ட மாடு தின்ற வீடுகளை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். வாயில் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு முட்டும், கழிச்சல் போகும். முறிவு மருந்தான அட்ரோபின் ஊசியோடு மருத்துவர் வந்து சேரும் வரை எத்தனை மாடு தாங்கும்? கோழி என்றால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கறவையும் கோழியும் உள்ள வீட்டில் அந்த உருண்டை வேண்டாம் என்பது என் கருத்து.

இனி உண்ணி. பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னது கூடவே கூடாது. பயிர் மருந்தில் உள்ள கரைப்பான் வேறு, வீரியம் வேறு. மாடு நக்கும், கன்று மடியை முட்டும், பாலில் இறங்கும்.

மாட்டின்மேல் நீங்கள் பார்ப்பது உண்ணிக் கூட்டத்தில் ஒரு பகுதிதான். நம் மாடுகளில் அதிகம் இருக்கும் வகை, குஞ்சாக ஏறினால் சுமார் மூன்று வாரம் ஒரே மாட்டில் இருந்து ரத்தம் குடித்துப் பருத்து, கீழே விழும். விழுந்தது சுவர் விரிசல், தீவனத் தொட்டியின் அடி, தரைக்கல் இடுக்கு எங்காவது புகுந்து 2,000, 3,000 என்று முட்டையிட்டுச் சாகும். சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் உள்ள சுவரை நெருங்கிப் பாருங்கள். விரிசலுக்குள் பழுப்பு நிறத்தில் சவ்வரிசியைவிடச் சின்ன மணிகள் பசை போல ஒட்டிக் குவிந்திருக்கும். மாட்டுக்கு எத்தனை முறை மருந்து தேய்த்தாலும் அந்தக் குவியல் இருக்கும்வரை புது உண்ணி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே கொட்டகையில் தொடங்குங்கள். மாடுகளை வெளியே கட்டிவிட்டு, சாணமும் கழிவுத்தீவனமும் வாரி எடுத்து, விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்து, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடியுங்கள். ஓட்டுக்கொட்டகை, கல்சுவர் என்றால் தீச்சுடர் காட்டலாம். கூரை வேய்ந்தது என்றால் நினைக்கவே வேண்டாம். நாட்டுக்கோழி நாலைந்து கொட்டகையில் மேய்ந்தால் உதிர்ந்த உண்ணியைப் பொறுக்கித் தின்றுவிடும்.

மாட்டுக்கு, எங்கள் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மூலிகை மருத்துவம் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. வேப்பம்பழக் காலம் இல்லையென்றால் வேப்பங்கொட்டை. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின்மேல் தெளித்துத் துணியால் துடைத்துவிட வேண்டும். அதே சாற்றைக் கொட்டகை இடுக்குகளிலும் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, உண்ணி அடங்கும்வரை. உண்ணிச்செடி இலையை மாடு தின்னக் கூடாது, அரைத்த சக்கையைத் தொட்டிப் பக்கம் கொட்டிவிடாதீர்கள்.

உங்கள் மாடுகளில் கொத்தாக இருப்பதால் முதல் முறை மருத்துவரைப் பார்த்து டெல்டாமெத்ரின் அல்லது அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தை வாங்கிப் பயன்படுத்துவதில் தவறில்லை. பாட்டிலில் போட்ட அளவைக் குறைக்கக் கூடாது. குறைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் பல ஊர்களில் டெல்டாமெத்ரினுக்கு உண்ணி அசைவதில்லை. ஐவர்மெக்டின் ஊசி போடச் சொல்வார்கள். கறவையில் உள்ள மாட்டுக்கு வேண்டாம், அது பாலில் நெடுநாள் வெளியேறும். காய்ச்சலோடு மூத்திரம் சிவந்தாலோ, தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டிக் காய்ச்சல் அடித்தாலோ அது உண்ணி கொண்டுவந்த ரத்த நோய். அன்றே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கரிசல்கறவை எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் ரொம்ப நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டிக்குப் பின்னால் ஐயா சொன்னபடியே இருக்கிறது, அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு அடிக்கிறோம்.

காட்டில் 100 செடி எண்ணியதில் 37 செடியில் ஓட்டை. ஆனால் ஈர எச்சமும் புழுவும் 12-ல்தான். அந்த 12-ல் 9 ஓடைப் பக்கம் உள்ள இரண்டு இடத்திலேயே வந்துவிட்டது. மேட்டுப் பக்கம் மூன்று இடமும் சேர்த்து 3-தான். ஓடைப் பக்கம் புழு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கிறது, இரண்டு புழு அக்கா சொன்ன மாதிரி பச்சை பூசிச் செத்திருந்தது. 10-ஐத் தாண்டிவிட்டதே, முழுக்க அடிக்கவா? இதற்கெல்லாம் விதைக்கும்போதே செய்திருக்க வேண்டியது ஏதாவது உண்டா?

மேட்டுக்காட்டு அக்கா எழுதியது:

எதற்கு முழுக்க? 60 செடியில் 3 என்றால் மேட்டுப் பக்கம் 5 சதம். அதைச் சுண்ணாம்பு மணலோடு விட்டுவிடுங்கள். ஓடைப் பக்கம் 40-ல் 9, அது அதிகம்தான். செத்தது இரண்டே என்றால் பூஞ்சாணத்தை நம்பிக் காத்திருக்கவும் முடியாது. அந்து ஒரே இடத்தில் குவியலாக நூறு இருநூறு முட்டை வைக்கும், பொரித்த குஞ்சு நூல் விட்டுப் பக்கத்துச் செடிகளுக்குப் போகும். அதனால்தான் இப்படித் திட்டுத் திட்டாக வருகிறது. ஓடைப் பக்கத்துக்கு மட்டும் எமாமெக்டின் ஒரு அடி, சாயங்காலம். ஐந்தாம் நாள் இரண்டு பக்கமும் திரும்ப எண்ணுங்கள், மேட்டுப் பக்கம் கூடியிருந்தால் அப்போது பார்க்கலாம். அடித்த பகுதியின் எல்லையில் குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள், வீட்டில் யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் புல் அறுத்துவிடப் போகிறார்கள். மருந்துச்சீட்டில் உள்ள காத்திருப்புக் காலம் முடியும்வரை அங்கே வரப்புப் புல்லும் வேண்டாம்.

அடுத்த வருஷத்துக்கு: சித்திரை மழையில் ஆழக் கோடை உழவு போடுங்கள், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு மூன்று வரிசை போட்டால் குளவிக்கும் பொறிவண்டுக்கும் தங்க இடம், கொடி மாட்டுக்கு. பத்து வரிசைக்கு ஒருமுறை இடைவெளியை 75 செ.மீ. ஆக்குங்கள், டேங்கோடு உள்ளே போய்வர நீங்களே வாழ்த்துவீர்கள். முளைத்த வாரமே ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்து வரும் நாள் தெரியும். இதைவிட முக்கியம், பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி எல்லோரும் ஒரே வாரத்தில் விதைப்பது. ஒருத்தர் காடு முடிய அடுத்தவர் காடு இளசாக நின்றால் அதற்கு வருஷம் பூரா விருந்து. எங்கள் ஊரில் இன்னும் அதற்கு மட்டும் யாரும் ஒத்து வரவில்லை.

கலவைப் பாட்டிலையும் டானிக்கையும் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள். கணக்கில்தானே எழுதியிருக்கிறார்கள், கழித்துக்கொள்ளட்டும். முகம் சுளித்தால் பில் கேளுங்கள். தொகுதி எண், காலாவதித் தேதி போட்ட பில். அதைக் கேட்டதும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.